உதயகலாவின் வெள்ளிக்கிழமைத் தட்டுகள்

உரும்பிராயில் வெங்காயம் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், புகையிலை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கரி வளர்த்தவள் உதயகலா ஒருத்திதான்.

"பிள்ளைக்கு என்ன வேலை?" என்று பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் அவளுடைய தாய் இரத்தினம்மா, "கரியோடை வேலை" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அதைக் கேட்டதும் தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டு எழும்பிப் போன மாப்பிள்ளை வீட்டாரை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினால், வரிசையின் வால் கோப்பாய்ச் சந்தியில் நிற்கும். தாய் அதற்காகச் சில வேளைகளில் அழுததும் உண்டு. உதயகலா அழவில்லை. நாற்பது கடந்த வயதில் அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. திங்கட்கிழமைகளில் சோம்பிக் கிடக்கிற கரி, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏன் அப்படி எரிகிறது?

அந்தக் கரிக்குக் காபன் நனோகுழாய் என்று பெயர். நகக்கண் அளவான ஒரு சிலிக்கன் தட்டைச் சூளைக்குள் வைத்து, காபன் உள்ள வாயுவை அதன்மேல் ஓடவிட்டால், காபன் அணுக்கள் தாமாகவே சுருண்டு குழல் குழலாக எழும்பும். வெறுங்கண்ணுக்கு அது அரிக்கன் லாம்புச் சிமினியில் படிந்த புகை மாதிரித்தான் தெரியும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் காடு. வன்னியில் உள்ள மரங்கள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து அந்த நகக்கண்ணில் நட்டாலும் இன்னும் இடம் மிஞ்சும்.

காற்றெல்லாம் உறிஞ்சி எடுத்த ஒரு வெற்றிடக் கலத்துக்குள் அந்தத் தட்டை வைத்து, எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் கொடுத்தால், குழாய்களின் நுனியிலிருந்து இலத்திரன்கள் பாயும். கண்ணாடியில் பூசியிருக்கிற பூச்சு, இலத்திரன் பட்ட இடத்தில் பச்சையாக ஒளிரும். குறைந்த வோல்ற்றில் நிறைய இலத்திரன் வந்தால், அதை வைத்து ஒரு நாளைக்குக் கையில் தூக்கிக்கொண்டு போகிற எக்ஸ்ரே பெட்டி செய்யலாம். நெடுந்தீவில் விழுந்து கால் முறிந்த கிழவர், படம் எடுப்பதற்காக வள்ளம் ஏறத் தேவையில்லை. இதுதான் உதயகலாவின் கனவு. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். யாரும் அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

கரிக்கு ஒரு குறை உண்டு. குழாய்கள் கணக்குவழக்கில்லாமல் நெருங்கி வளரும். இணுவில் கந்தசுவாமி கோயில் தேரன்றைக்கு வாசலில் முண்டியடிக்கிற சனத்தைப் போல ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கும். ஒருவருக்கும் சாமி தெரியாது. ஒரு நுனிக்கும் மின்புலம் சரியாகக் கிடைக்காது. போதாததற்கு நுனிகளில் உதிரிக் கரி வேறு அப்பிக் கிடக்கும். இதற்கு வைத்தியம் பிளாஸ்மா. ஒரு கண்ணாடிச் சாடிக்குள் கொஞ்சமாக ஆகன் வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், வாயு கத்தரிப்பூ நிறத்தில் ஒளிரும். அந்த ஒளிக்குள் கிடக்கிற தட்டின்மேல் அயன்கள் வந்து மோதி, உதிரிக் கரியைத் தட்டிக் கொட்டி, நெருக்கத்தைக் கலைத்து, நுனிகளைத் திறந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டால் துப்புரவு. கூட விட்டால் மொட்டை. துப்புரவுக்கும் மொட்டைக்கும் நடுவில் சரியான இடம் எது என்று தேடுவதிலேயே உதயகலாவுக்கு நாலு வருடம் போயிருந்தது.

அதற்கு முந்திய வருடங்கள் போன கதையும் சுருக்கம்தான். மூத்த பிள்ளை. தொண்ணூற்றைந்தில் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தபோது அவள் தூக்கிய பையில் உடுப்பை விடப் புத்தகம் கூட இருந்ததென்று தாய் இன்றைக்கும் குறை சொல்வார். பட்டப்படிப்பு மூடித் திறந்து மூடித் திறந்து, தொடங்கின காலத்துப் பேராசிரியர்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் முடிந்தது. மேலே படிக்க நினைத்த நேரத்தில் தகப்பன் படுக்கையில் விழுந்தார். தகப்பனையும் பார்த்துக்கொண்டு, வாரத்தில் பாதி நாள் நெல்லியடிக்குப் போய் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் செய்முறை சொல்லிக் கொடுத்தாள். அப்படிப் படித்தவர்களில் ஒருவன் கோபிசங்கர். ஊசல் ஆடுவதை எண்ணச் சொன்னால் நடுவிலேயே கணக்கை விட்டுவிட்டு விடையை ஊகித்து எழுதுவான். ஊகம் சரியாகவும் இருக்கும். அவன் வெளிநாடு போய், கலாநிதியாகத் திரும்பி வந்து, கோப்பாய்ப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கின சிறிய ஆய்வு நிலையம் ஒன்றுக்குத் தலைவனானான். உதயகலா அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, அவனுக்குக் கீழேயே முதுதத்துவமாணிப் பட்டத்துக்கும் பதிந்தாள். ஆட்கள் நிற்கும்போது அவள் அவனைச் 'சேர்' என்றாள். அவன் எல்லோருக்கும் முன்னால் அவளை 'அக்கா' என்றான்.

நிலையம் இருந்த கட்டடம் முன்பு வெங்காயக் களஞ்சியம். மாரிமழை பெய்து சுவர் ஈரமானால் பழைய வாசம் கிளம்பிவரும். கண் எரிந்து, மூக்கு ஒழுக, கைலேஞ்சியும் கையுமாக வெளியே வருகிறவர்களைப் பார்த்து, ஆராய்ச்சி சரிவராமல் எல்லோரும் அழுகிறார்கள் என்று அயலவர்கள் பேசிக்கொண்டார்கள். வெற்றிடக் கலத்தின் பம்பி ஓடத் தொடங்கினால் பக்கத்து வளவு மாடுகள் பாலை மேலே இழுத்துக்கொள்ளும் என்றும் ஒரு முறைப்பாடு இருந்தது. அந்தக் கலம் நிலையத்துக்குச் சொந்தமானதல்ல. நிதி கொடுக்கிற குழு ஒன்று இரவலாகக் கொடுத்தது. வேலை நடக்கிறதென்று காட்டினால் இருக்கும். இல்லையென்றால் தெற்கே வேறொரு ஆய்வுகூடத்துக்கு ஏற்றிவிடுவார்கள்.

அதே கலத்தில் லவீனாவும் வேலை செய்தாள். குருநகர்ப் பிள்ளை, தகப்பன் கிறிஸ்ரோபர் கடலுக்குப் போகிறவர். லவீனாவும் பட்டத்துக்குத்தான் படித்தாள், ஆனால் வேறு தலைப்பு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உதயகலாவின் முறைப்படி அவளும் இடைக்கிடை ஒரு தட்டுச் செய்வாள். அதே சூளை, அதே ஆகன், அதே நேரம். லவீனாவின் தட்டு எந்த நாளிலும் எண்ணூறு வோல்ற்றைத் தாண்டித்தான் மங்கலாக எரிந்தது. உதயகலாவின் திங்கட்கிழமைத் தட்டும் அப்படியே. வெள்ளிக்கிழமைத் தட்டு மட்டும் அறுநூறு வோல்ற்றிலேயே பச்சைப் பச்சையாகப் பொறி விட்டது.

"நீங்கள் வெள்ளிக்கிழமை கும்பிடுற பிள்ளையார் எனக்கு லைற் போடமாட்டாராம் அக்கா" என்றாள் லவீனா.

"பிள்ளையாரோடை ஏன் தனகுறாய்? திங்கட்கிழமை கரண்ட் அழுத்தம் குறைவு."

வாரம் முழுவதும் ஓடின மில்களும் வெல்டிங் கடைகளும் வெள்ளிக்கிழமை களைத்துவிடுவதால் மின்சாரம் சீராக வருகிறது என்று உதயகலா ஒரு விளக்கம் வைத்திருந்தாள். காற்றின் ஈரப்பதன் பற்றி இன்னொரு விளக்கம். இரண்டையும் அவளே முழுதாக நம்பவில்லை. ஆனாலும் நல்ல தட்டு நல்ல தட்டுத்தானே. கெட்ட தட்டுக்கு ஏதாவது காரணம் இருக்கும், அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். நிதிக்குழுவுக்கு அறிக்கை எழுதியபோது, தன் பிளாஸ்மா முறையில் அறுநூறு வோல்ற்றில் இலத்திரன் வருகிறது என்று தன் கையாலேயே எழுதினாள். கோபிசங்கர் அதை வாசித்துவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பி நின்றான். ஒரு முழு ஆய்வு மையமே கட்டலாம் என்று அதன் பின்னால் இன்னொரு விண்ணப்பத்தையும் சேர்த்து அனுப்பினான். குழுவின் தலைவர் பேராசிரியர் சிமியோன் நேரில் வந்து தட்டு எரிவதைப் பார்க்க விரும்புகிறார் என்று பதில் வந்தது. அவர் வருகிற நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது.

அதற்கு முன்னரே, மிகப் பிரகாசமாக எரிந்த ஒரு தட்டை நுணுக்குக்காட்டியில் படம் எடுப்பதற்காகக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். படம் வந்தது. கரிக்காட்டுக்கு நடுவில், யாரோ லொறியில் கொண்டுவந்து கொட்டினதுபோல் வெள்ளைக் கட்டிகள். அவற்றில் என்னென்ன மூலகங்கள் உண்டு என்றும் பார்த்துச் சொல்லியிருந்தார்கள்: கல்சியம், பொசுபரசு, பொற்றாசியம், கொஞ்சம் சிலிக்கன்.

கோபிசங்கர் படத்தைப் பார்த்தான். பிறகு லவீனாவைப் பார்த்தான்.

"லவீனா, இனிமேல் மத்தியானச் சாப்பாட்டை வெளியிலை வைச்சுச் சாப்பிடுங்கோ. கல்சியமும் பொசுபரசும் சேர்ந்து வந்தால் அது முள்ளுத்தான்."

லவீனாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பெரும்பாலும் மீன்தான் இருக்கும் என்பது களஞ்சியத்தின் வெங்காய வாசத்துக்கே தெரியும். அவள் முகம் சிவந்துபோனது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"பொற்றாசியத்தை விட்டுட்டுக் கதைக்கிறியள் சேர். எந்த மீனிலை உவ்வளவு பொற்றாசியம் இருக்கு? அதோடை, என்ரை முள்ளெண்டால் என்ரை தட்டெல்லோ எரியவேணும்? எரியிறது அக்கான்ரை தட்டு, அதுவும் வெள்ளிக்கிழமையிலை. வெள்ளிக்கிழமை அக்கா முட்டையும் தொடமாட்டா."

அதோடு நிறுத்தியிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். ஆனால் அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. லவீனா பேசிக்கொண்டே உதயகலாவைப் பார்த்தாள், பேச்சு நின்றது. மேசையிலிருந்த கறுப்பு மட்டை ஒன்றை எடுத்துக் கலத்தின் வாயடியில் வைத்தாள்.

"அக்கா, ஒருக்கால் தட்டு வைக்கிற மாதிரிக் குனியுங்கோ."

உதயகலா தொப்பியும் முகமூடியும் கையுறையும் போட்டபடியே குனிந்தாள். கலத்தின் உள்ளே பார்ப்பதற்காக எப்போதும் செய்வதுபோல் நெற்றியைச் சுருக்கிக் கண்ணைக் கூர்மையாக்கினாள். நிமிர்ந்தபோது மட்டையில் வெள்ளைத் தூள் விழுந்து கிடந்தது. அதிகமில்லை. ஒரு எறும்பு தும்மினால் பறந்துவிடும் அளவுதான்.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லவீனா சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற பிள்ளை அவள். கோபிசங்கர் தனக்கு ஒரு அழைப்பு இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு வெளியே போனான். அவனுடைய கைபேசி மேசையிலேயே கிடந்தது.

விசயம் இதுதான். வெள்ளிக்கிழமை விடிய உதயகலா தலை முழுகிவிட்டு வந்தால், தாய் இரத்தினம்மா திருநீற்றுப் பேணியும் கையுமாக வாசலில் நிற்பார். கடைத் திருநீறு சோக்குத்தூள் என்பது அவருடைய முடிந்த முடிவு. வீட்டுப் பசுவின் சாணத்தை உருண்டையாக்கிக் காயவைத்து, உமி மூடிச் சுட்டு, வேட்டித் துண்டில் அரித்து வைத்திருக்கிற சொந்தத் திருநீற்றைத்தான் மகளின் நெற்றியில் மூன்று விரலாலும் அள்ளிப் பூசுவார். நெற்றியில் பூசினது தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும். நாற்பது வயது மகள் என்றாலும் தானே பூசிவிட்டால்தான் அவருக்குத் திருப்தி. பிறகு உதயகலா கோயிலடியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தலைக்கவசத்தை மாட்டி, ஸ்கூட்டியில் ஏறி வருவாள். தலைக்கவசத்தின் பஞ்சு அந்தத் திருநீற்றை வழி முழுக்க அரைத்து அரைத்துத் தளர்த்திவிடும். ஆய்வுகூடத்துக்குள் தலைமுடியை மூட ஒரு தொப்பி, மூக்கையும் வாயையும் மூட ஒரு முகமூடி. இரண்டுக்கும் இடையில் திருநீற்றுக்கென்றே ஒதுக்கிவிட்டதுபோல் நெற்றி. பிளாஸ்மாவுக்குள்ளிருந்து எடுத்த தட்டைக் கலத்துக்குள் வைக்கக் குனிகிற அந்த நேரத்தில், நாலு வருட உழைப்பின் மேல் அம்மாவின் சாம்பல் உதிர்ந்துகொண்டிருந்தது. பொற்றாசியமும் கல்சியமும் இலத்திரனை இலகுவாக வெளியே விடுகிற சாமான்கள் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. உதயகலாவே அதை நெல்லியடியில் படிப்பித்திருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் மூன்று தட்டு எடுத்தாள். ஒன்றுக்குப் பிளாஸ்மா கொடுக்காமல் சாம்பலை மட்டும் தூவினாள். ஒன்றுக்குப் பிளாஸ்மா மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். சாம்பல் மட்டும் போட்ட தட்டு இரண்டு மூன்று இடத்தில் வெட்டி வெட்டி எரிந்து, தேத்தண்ணி ஆறும் முன்னரே அணைந்துபோனது. இரண்டும் உள்ளது அறுநூறில் வெள்ளிக்கிழமை மாதிரியே பொறி பறக்க எரிந்தது. மத்தியானத்துக்குள் பாதி பொறி செத்துவிட்டது. முன்பெல்லாம் எரிந்தவுடன் படம் எடுத்துக்கொண்டு கலத்தை லவீனாவுக்கு விட்டுவிடுவார்கள் என்பதால், அது சாவதை ஒருவரும் இருந்து பார்த்ததில்லை. பிளாஸ்மா மட்டும் கொடுத்த தட்டுக்குக் கிட்டத்தட்டத் தொள்ளாயிரம் வோல்ற் வரை ஏற்றவேண்டியிருந்தது. ஆனால் அது எரிந்தபோது கண்ணாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஒரே சீராக, சத்தம் போடாமல் எரிந்தது. ஒன்றும் செய்யாத தட்டுக்கு ஆயிரத்து நானூறு வேண்டும். ஆகவே பிளாஸ்மா பொய்யல்ல. அறுநூறுதான் பொய்.

உதயகலா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நாலு வருடத்தில் பாதி அம்மாவின் பேணிக்குள்ளிருந்து வந்தது என்றால், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு பட்டம் கிடைக்குமா, கலம் இருக்குமா? சிமியோன் அறுநூறைப் பார்க்க வருகிறார். தொள்ளாயிரத்தைப் பார்க்க அல்ல. கண்ணாடி இருட்டாக இருந்தால் கலத்தை ஏற்ற லொறி வரும். அவளுடைய ஆய்வேடும் அதே லொறியில்தான் போகும்.

புதன்கிழமை கோபிசங்கர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தச் சொன்னான். பிறகு யன்னலுக்கு வெளியே நின்ற முருங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"வெள்ளிக்கிழமை எண்டபடியால் நீங்கள் கோயிலுக்குப் போட்டுத்தானே வருவியள் அக்கா?"

"ஓம்."

"வழமைபோல வாங்கோ. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை. வழமையை மாத்தவேண்டாம்."

"தம்பி," என்றாள் உதயகலா, "நீர் என்ன சொல்லுறீர் எண்டு உமக்கு விளங்குதோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. ஆரும் ஒண்டும் தூவப் போறதில்லை. நீங்கள் திருநீறு பூசிறது உங்கடை சமயம். அதைப் பூசவேண்டாமெண்டு சொல்ல எனக்கென்ன உரிமை இருக்கு?"

பொய் சொல்லச் சொன்னால் மறுத்துவிடலாம். வழக்கத்தை மாற்றாதே என்கிறவனை என்ன சொல்லி மறுப்பது? அவள் வெளியே வந்து லவீனாவிடம் நடந்ததைச் சொன்னாள். லவீனா கையிலிருந்த இடுக்கியைத் துடைத்தபடியே சொன்னாள்.

"என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ அக்கா. கலம் போனால் என்ரை படிப்பும் போகும். அதாலை நான் சொல்லுறது நல்ல புத்தியா இராது."

அதற்கு மேல் நேர்மையாக யாரும் பேசமுடியாது என்று உதயகலாவுக்குத் தோன்றியது. அதனால் அவளுடைய பாரம் குறையவில்லை. இப்போது லவீனாவின் பாரத்தையும் சேர்த்து அவளே சுமந்தாள்.

வியாழன் முழுவதும் அவள் பிளாஸ்மா மட்டும் கொடுத்த தட்டைக் கலத்துக்குள் ஓடவிட்டுப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும்போது ஒரு வழி யோசித்திருந்தாள். வழமைபோலத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, நிலையத்துக் கிணற்றடியில் முகத்தைக் கழுவிவிட்டு உள்ளே போகலாம். யோசிக்க இலகுவாக இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை விடிய, ஈரத்தலையோடு தாயின் முன்னால் நின்றபோது அது நடவாது என்று தெரிந்துவிட்டது. தாய் பூசினதை வெள்ளிக்கிழமையில் தானே கழுவி ஊற்றுகிற கை அவளுக்கு இல்லை.

இரத்தினம்மா பேணியைத் திறந்தார்.

"நெத்தியிலை வேண்டாம் அம்மா," என்றாள் உதயகலா. "வாயிலை போடுங்கோ." சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

யாழ்ப்பாணத்தில் பயந்த பிள்ளைக்கும் வயிற்றுக்குத்துக்காரருக்கும் திருநீற்றை வாயில் போடுவது உண்டு. ஆகவே தாய் திகைத்தாரே தவிர மறுக்கவில்லை.

"ஏன், வயித்துக்குள்ளை ஏதும் செய்யுதோ?"

"ஓம் அம்மா. செய்யுது."

அது உண்மை. இரத்தினம்மா மகளின் நாக்கில் ஒரு சிட்டிகை போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் ஒரு சிட்டிகை போட்டார். உதயகலா அதை விழுங்கி, இருமி, தண்ணீர் குடித்து, தலைக்கவசத்தின் உள்பஞ்சைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். வாழ்நாளில் வெறும் நெற்றியோடு அவள் வெளிக்கிட்ட முதல் வெள்ளிக்கிழமை அதுதான். கோயிலடியில் தன்னை எல்லோரும் பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. சைவப் பிள்ளைகளின் நெற்றியைப் பார்க்க அந்தக் காலை நேரத்தில் யாருக்கு நேரம்?

கோபிசங்கர் பார்த்தான். நிலையத்து வாசலில் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக நின்றவன், அவள் தலைக்கவசத்தைக் கழற்றியதும் நெற்றியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். சிமியோனை ஏற்றிவந்த வான் உள்ளே திரும்பியதைக் கண்டு மூடிக்கொண்டான்.

பேராசிரியர் சிமியோன் பாசையூரில் பிறந்து வெளிநாட்டில் வயதானவர். தமிழ் மறக்கவில்லை. உட்காரச் சொன்ன நல்ல கதிரையை விட்டுவிட்டு, கலத்தின் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பம்பி ஓடியது. மாடுகள் கத்தின. உதயகலா தட்டை வைத்து, மூடி, வோல்ற்றை மெல்ல மெல்ல ஏற்றினாள்.

அறுநூறு. கண்ணாடி இருட்டு.

கோபிசங்கர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். லவீனா சுவரோடு சாய்ந்து நின்றாள். உதயகலாவின் விரல் குமிழில் இருந்தது. இப்போது கருவியில் கோளாறு என்று சொல்லலாம். கரண்டில் குறை என்று சொல்லலாம். திங்கட்கிழமைக்கென்று அவள் வைத்திருந்த விளக்கங்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து, அங்கே ஒட்டிக்கிடந்த சாம்பலில் சிக்கி நின்றன.

"இன்னும் ஏத்தவேணும் சேர்," என்றாள்.

எழுநூறு. எண்ணூறு. எண்ணூறைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. எப்போது வந்ததென்று சொல்லமுடியாது. கிணற்றுக் கட்டில் பாசி பிடிக்கிற மாதிரி, பார்த்துக்கொண்டு இருக்கும்போதே கண்ணாடி முழுவதும் பச்சை படர்ந்திருந்தது.

சிமியோன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அறுநூறு எண்டெல்லோ எழுதியிருந்தியள்?"

"ஓம் சேர். நான்தான் எழுதினனான். அது பிழை. அறுநூறு பிளாஸ்மாவின்ரை வேலையில்லை. என்ரை நெத்தித் திருநீறு தட்டிலை கொட்டுப்பட்டிருக்கு. போன கிழமைதான் கண்டுபிடிச்சம்."

சிமியோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு அவளுடைய நெற்றியைப் பார்த்தார்.

"எந்தக் கோயில் திருநீறு?"

"கோயிலின்ரை இல்லை சேர். அம்மா சுட்டது."

"இண்டைக்குப் பூசேல்லையோ?"

"விழுங்கிப்போட்டன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து முக்காலியிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று விளங்காமல் மற்ற மூவரும் கைகட்டி நின்றார்கள். சிரித்து முடிந்ததும் அவருடைய முகம் முன்னை விடக் கடுமையாக இருந்தது. மூன்று தட்டின் கணக்கையும் கேட்டார். படங்களைக் கேட்டார். முள்ளா என்று சந்தேகப்பட்ட கதையை லவீனாவே சொன்னாள். அதற்கு அவர் சிரிக்கவில்லை, கோபிசங்கரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, இந்தப் பச்சை எவ்வளவு நேரம் நிற்கும் என்று உதயகலாவிடம் கேட்டார். நேற்றுக் காலை போட்டது, பின்னேரம் நிப்பாட்டும் வரை குறையவில்லை என்றாள். அப்படியென்றால் தானும் இருந்து பார்க்கப்போவதாகச் சொல்லி முக்காலியில் திரும்ப ஏறி உட்கார்ந்தார். அவருக்கென்று ஒழுங்கு செய்த ஹோட்டல் சாப்பாட்டை வேண்டாமென்று விட்டு, லவீனாவின் பெட்டியிலிருந்த பாரைக்குழம்பில் பாதியைச் சாப்பிட்டார். மத்தியானம் கழிந்தது. பச்சை அசையவில்லை. வானைத் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்து நின்ற சாரதி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

போகும்போது சிமியோன் தன் முடிவைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். புதிய மையம் கட்டுகிற விண்ணப்பத்துக்கு இடமில்லை. அது அறுநூறை நம்பி எழுதப்பட்டது. கலம் இன்னும் ஒரு வருடம் இங்கே நிற்கலாம். அனுப்பின அறிக்கை பிழை என்று நிலையமே திருத்தி எழுதவேண்டும். உதயகலா தன் ஆய்வேட்டில் வெள்ளிக்கிழமைத் தட்டு அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு, சுத்தமான தட்டில் முதலிலிருந்து அளக்கவேண்டும். சாம்பலின் சங்கதியையும் மறைக்காமல் ஒரு பகுதியாக எழுதவேண்டும்.

"பிழையை எழுதினதும் நீங்கள். பிழையெண்டு சொன்னதும் நீங்கள். ரெண்டாவதை என்ரை குழுவுக்கு நான் சொல்லுவன்," என்றார். "முதலாவதையும் சொல்லத்தான் வேணும்."

வான் போனதும் லவீனா கலத்தடிக்குப் போய், தன்னுடைய அடுத்த வாரத் தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். உதயகலா கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். காலையில் விழுங்கின திருநீறு இன்னும் தொண்டையில் நிற்பதுபோல் இருந்தது. இன்னும் ஒரு வருடம். அளந்ததில் பாதியைத் திரும்ப அளக்கவேண்டும். பட்டம் அவ்வளவு தூரத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. ஆனால் போய் மறையவில்லை.

வீட்டில் தாயிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். இரத்தினம்மா முழுதையும் கேட்டார். இலத்திரன் விளங்கவில்லை; மகளின் பட்டம் பிந்தினது விளங்கியது; தன் திருநீறு வெளிச்சம் கொடுத்த இடம் இன்னும் நன்றாக விளங்கியது. வேண்டுமென்றால் ஒரு போத்தலில் அடைத்துத் தரட்டோ என்று கேட்டார். வேண்டாம் அம்மா, லவீனா கேட்டால் கொடுங்கோ என்றாள் உதயகலா. லவீனா கேட்கத்தான் கேட்டாள்.

கோபிசங்கர் உதயகலாவோடு பேசவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டே, "லவீனா, சூளையை நிப்பாட்டச் சொல்லி அக்காவிட்டைச் சொல்லுங்கோ" என்பான். லவீனா திரும்பி, "அக்கா, சேர் சூளையை நிப்பாட்டட்டாம்" என்பாள். "நிப்பாட்டியாச்சு எண்டு சேரிட்டைச் சொல்லு" என்பாள் உதயகலா. இப்படிக் கொஞ்ச நாள் போனது. லவீனாவுக்கு நாக்கு நொந்துபோய், தனக்குச் சம்பளம் கூட்டித் தரவேண்டுமென்று இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்டாள்.

ஒரு நாள் உதயகலா பிளாஸ்மாச் சாடிக்கு முன்னால் நின்றபோது அவன் வந்து பக்கத்தில் நின்றான். உள்ளே கத்தரிப்பூ நிறம் எரிந்துகொண்டிருந்தது. திருத்திய அறிக்கையில் கையெழுத்து வைத்து அனுப்பியாயிற்று என்று சாடியைப் பார்த்துச் சொன்னான். தன் பெயரையும் பிழைக்குப் பொறுப்பாகப் போட்டிருப்பதாகச் சொன்னான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

"அக்கா, நேரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாப்பமோ? தொள்ளாயிரத்திலையிருந்து கீழை கொண்டுவரலாமோ தெரியாது."

"கூட்டினால் மொட்டையாகும் சேர்."

"ஒருக்கால் பாப்பம்."

கூட்டிப் பார்த்தார்கள். தட்டை வெளியே எடுத்தபோது, சவர்க்காரம் போட்டுக் கழுவின கோப்பை மாதிரி வெறும் சிலிக்கன் மினுங்கியது. கோபிசங்கர் அதை வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"சொன்னனான்," என்று சொல்லிவிட்டு, உதயகலா இடுக்கியால் அடுத்த தட்டை எடுத்தாள்.